ஈரல் கட்டியும் ஓடைப் பொன்னும்

ஈரலில் கட்டி என்று டாக்டர் சொன்னபோது எனக்கு ஈரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. ஆட்டு ஈரல் தெரியும். தீபாவளிக்குத் தீபாவளி மிளகு போட்டு வறுத்துச் சாப்பிட்டிருக்கிறேன். மனுஷனுக்குள்ளேயும் அப்படி ஒன்று இருந்து, அதில் சீழ் கட்டி, ஆளையே கொண்டுபோகப் பார்க்கும் என்பதெல்லாம் படுத்த பிறகு படித்த பாடம். இப்போது எழுந்து நடமாடுகிறேன். காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில், தண்ணீர் பிடிக்கிற பீலியடியில், கோயில் வாசலில் என்று எங்கே பார்த்தாலும் "ஆஸ்பத்திரியில அப்படி என்னதான் செஞ்சாங்க?" என்று கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவைக்கிறேன். வலது பக்க விலாவில் வலியும் காய்ச்சலுமாக, சூட்டு வலி என்று சொல்லிக்கொண்டு வெந்தயத்தை விழுங்கிவிட்டுப் படுத்திருக்கிற யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு லொறி ஏறினால் எனக்கு அது போதும்.

என் பெயர் முத்துவேல். நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கான் வெட்டுகிற வேலை. மழைத்தண்ணீர் தேயிலை மண்ணைக் கரைத்துக்கொண்டு போகாதபடி மலைச் சரிவில் குறுக்கே வாய்க்கால் வெட்டுவோம், அதுதான் கான். ஆனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் வந்து முத்துவேல் வீடு எது என்று கேட்டால் விழிப்பார்கள். காக்காப்பொன் வீடு என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூடக் கையைப் பிடித்து அழைத்துவந்து வாசலில் விட்டுவிட்டுப் போகும்.

அந்தப் பட்டம் வந்த கதையைச் சொல்லாமல் நோயின் கதையைச் சொல்ல முடியாது. ஒரு பெருமழைக்குப் பிறகு, கான் போய் ஓடையில் விழுகிற இடத்தில் வண்டலை வாரிக்கொண்டிருந்தேன். மண்வெட்டித் தகட்டில் மஞ்சளாக ஒன்று மின்னியது. கூட இருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு "காக்காப்பொன்னுடா" என்று சிரித்தார்கள். எங்கள் மலைகளில் காக்காப்பொன்னுக்குப் பஞ்சமே இல்லை. பாறையில் உரித்தால் ஏடு ஏடாக வரும், வெயிலில் பளபளக்கும், தண்ணீரில் போட்டால் மிதந்து போய்விடும். இது மிதக்கவில்லை. கல்லுப் போல அடியிலேயே உட்கார்ந்துகொண்டது. துணியில் முடிந்து அட்டன் டவுனுக்குக் கொண்டுபோய் நகை செய்கிற பத்தரிடம் காட்டினேன். அவர் கல்லில் தேய்த்து, திராவகம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, "பொன்னுதாம்ப்பா. ஆனா இத வச்சு எறும்புக்குத்தான் தோடு செய்யலாம்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. பொன்தான் என்று நான் லயத்தில் வந்து சொன்னேன். யார் நம்பினார்கள்? பட்டம் மட்டும் நிலைத்துவிட்டது.

அன்றிலிருந்து வேலை விட்டதும் ஓடைதான். என் மனைவி மாரியாயி தாளிக்கிற இரும்புத் தாச்சியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். பெரிய கல்லுக்குப் பின்னால், தண்ணீர் சுழித்து நிற்கிற இடத்தில் மணலை அள்ளி, தண்ணீரோடு சேர்த்து மெல்லச் சுழற்ற வேண்டும். லேசான மணல் வழிந்து போகும். கனத்த கருமணல் அடியில் தங்கும். அந்தக் கருமணலில், சாமி கண் திறந்தால், ரவையில் பாதிகூட இல்லாத மஞ்சள் துணுக்கு ஒன்று இருக்கும். விரல் நுனியை நனைத்து அதைத் தொட்டு எடுத்துக் கண் மருந்து வந்த சின்னப் போத்தலில் போட்டுவைப்பேன். பெரும்பாலான நாட்களில் சாமி கண் திறப்பதில்லை. முழங்கால் வரை விறைத்துப்போய் வெறுங்கையோடு வருவேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. "தாச்சியத்தான் புள்ள மாதிரி இடுப்புல வச்சிக்கிட்டுத் திரியிறாரு. இந்த மனுசன் ஓடையையே கட்டியிருக்கலாம், என்னைய ஏன் கட்டுனாரு?" என்று மாரியாயி அடுத்த வீட்டுக் காம்பராவுக்குக் கேட்கிற மாதிரி சொல்லுவாள்.

அவளுக்காகத்தான் அரித்தேன் என்று சொன்னால் முழு உண்மை ஆகாது. அந்த மஞ்சள் துணுக்கு கருமணலுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற சந்தோஷத்துக்காகவும்தான். ஆனால் மனசில் ஒரு கணக்கு இருந்தது. கல்யாணத்தின்போது அவளுக்குப் போட்ட பித்தளை மூக்குத்தி மூக்கைப் புண்ணாக்கிவிட்டது. அதைக் கழற்றிவிட்டு, துவாரம் தூர்ந்துபோகாமல் இருக்க விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குத் துண்டு ஒன்றைக் கிள்ளிச் செருகிக்கொண்டாள். அது அப்படியே தங்கிவிட்டது. மூக்கில் ஈர்க்கோடு அவள் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்யும். நம் ஓடைப் பொன்னில் இவளுக்கு ஒரு மூக்குத்தி என்று வாய்விட்டுச் சொல்லியும் இருந்தேன். "அதுக்குள்ள மூக்கே கெழடாகிரும்" என்று அவள் சிரித்தாள்.

ஓடையில் நிற்கும்போது தாகமெடுத்தால் குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடிப்பேன். மேலே இருந்து வருகிற தண்ணீர், பளிங்கு மாதிரி இருக்கும்.

முதலில் வந்தது காய்ச்சல்தான். அந்தியானால் குளிர் தூக்கிப்போடும், பிறகு கம்பளி நனைகிற மாதிரி வேர்க்கும். வலது விலாவுக்குக் கீழே மந்தமான வலி. வேடிக்கை என்னவென்றால் வலது தோள்பட்டையும் வலித்தது. மண்வெட்டி பிடிக்கிற தோள் என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். ஈரல் வலித்தால் தோளிலும் தெரியும், இரண்டுக்கும் ஒரே நரம்பு வழி இருக்கிறது என்று பின்னால் டாக்டர் சொன்னார். தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா மலேரியா என்று கசப்புத் தண்ணீர் கொடுத்தார். கீழ் லயத்தில் இருக்கிற என் அக்கா செல்லாயி வந்து பார்த்துவிட்டு, ஓடைக்கரையில் முனி அடித்திருக்கிறது என்று திருநீறு போட்டாள். மாரியாயி மட்டும் "முனியும் இல்ல, மலேரியாவும் இல்ல, அந்த ஓடதான்" என்றாள். அவள் எதற்கெடுத்தாலும் ஓடையைத்தான் சொல்லுவாள் என்பதால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உடம்பு கரைந்துகொண்டே போனது. இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. ஒரு நாள் பெரட்டுக்குப் போகிற வழியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு போகிற லொறியில் பெட்டிகளுக்கு நடுவே சாக்கை விரித்து என்னைப் படுக்கவைத்தார்கள். அந்த ரோட்டில் வளைவு எத்தனை என்று லொறி ஓட்டுகிறவருக்குக்கூடத் தெரிந்திருக்காது, என் விலாவுக்குத் தெரியும். மாரியாயி ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மறுகையை என் முதுகுக்குக் கீழே கொடுத்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் இறங்கும்போது அந்தக் கை மரத்துப்போய் அவளால் மடக்க முடியவில்லை.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் காத்திருக்கிற இடம் ஒரு நீளப் பலகை வாங்கு. எல்லோரும் நோயாளிகள், ஆனால் வாங்கில் இடம் பிடிப்பதில் எல்லோரும் பயில்வான்கள். மாரியாயி முந்தானையை விரித்து என் தலைக்கு மட்டும் இடம் பிடித்தாள். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், வயது குறைவு, கண்ணாடி போட்டவர். அவருடைய தமிழ் என் காதுக்குப் பழக ஒரு நாள் ஆனது.

"எங்கை நோகுது? இதிலையோ?" என்று வயிற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு ஒற்றை விரலை இரண்டு விலா எலும்புக்கு நடுவே வைத்து லேசாக அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் வாங்கில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"தண்ணி எங்கை குடிக்கிறனீர்?"

"வீட்டுல பீலித் தண்ணிங்க ஐயா. வேலையில நின்னா ஓடைத் தண்ணி."

"ஓடைக்கு மேலை என்ன இருக்குது?"

யோசித்தேன். தோட்டத்தின் மேல் டிவிசன் லயம் இருக்கிறது. அந்த லயத்துக்குப் பின்னால் கக்கூஸ் இருக்கிறது. மழை பெய்தால் அது எங்கே வழியும் என்று கான் வெட்டுகிற எனக்கே தெரியாமலா இருக்கும்? தண்ணீர் போகிற வழி பார்த்துத்தானே எனக்குச் சம்பளம். மாரியாயி என்னைப் பார்த்த பார்வையை டாக்டரும் பார்த்தார்.

படம் பிடித்தார்கள். எக்ஸ்ரே என்றால் பெரிய இரும்புப் பலகையில் நெஞ்சை ஒட்டிவைத்து மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான், வலிக்காது. டாக்டர் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறதாம். வலது பக்கத்தில் அது மேலே ஏறி நின்றது. கீழே ஈரல் வீங்கி முட்டுகிறது என்றார். கண்ணுக்குத் தெரியாத பூச்சி தண்ணீர் வழியாகக் குடலுக்குள் போய், அங்கிருந்து ரத்தத்தோடு ஈரலுக்கு ஏறி, அதை அரித்துச் சீழாக்கிவிடுமாம். நான் ஓடையை அரித்தேன், ஓடை என்னை அரித்திருக்கிறது.

"பிழைச்சிருவாருங்களா ஐயா?" என்று மாரியாயி நேராகவே கேட்டாள்.

"கட்டி உடையாமல் இருக்கவேணும். நெஞ்சுக்குள்ளை உடைஞ்சால் கஷ்டம். பூச்சி சாக மருந்து போடுவம். சீழை ஊசியாலை எடுப்பம்." கொஞ்சம் நிறுத்தி, "பயப்பிடாதையும்" என்றார். அவர் முகத்தில் இருந்த பயத்தை நான் பார்த்துவிட்டேன்.

அந்த ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோணி தைக்கிற ஊசியைவிடப் பெரியது. தோலை மரத்துப்போகச் செய்ய முதலில் சின்ன ஊசி போட்டார்கள். பிறகு விலாவுக்குள் அது இறங்கியது. வலியைவிட, உள்ளே ஏதோ நகர்கிறது என்கிற உணர்வுதான் தாங்க முடியாதது. நர்ஸ், எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம், சிங்களப் பெண், என் கையைப் பிடித்துக்கொண்டு "மூச்சு விட வேணாம்… ஆ, இப்ப விடு" என்று அவளுக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தாள். வெளியே வந்த சீழ், கடுஞ்சாயத்தில் பால் குறைத்து ஊற்றின தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. கொஞ்ச காலத்துக்குப் பால் தேத்தண்ணியை என்னால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

மருந்தின் பெயர் எமிட்டீன். தினமும் ஊசி. பூச்சியைக் கொல்லும், ஆனால் இருதயத்தையும் களைக்கச் செய்யும். அதனால் அசையாமல் படுத்திருக்க வேண்டும், உட்காரக்கூட விடமாட்டார்கள். கான் வெட்டியே பழகின உடம்பு, இன்னொருவர் மூத்திரச் சட்டி வைத்து எடுக்கப் படுத்துக் கிடந்தது. வெட்கத்தில் முதல் நாள் அடக்கிக்கொண்டே கிடந்தேன். மிஸ்ஸி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சிங்களத்தில் என்னவோ திட்டி, சட்டியை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைத் திருப்பிக்கொண்ட மரியாதையை நான் மறக்கமாட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் சிங்களப் பெரியவர் ஒருவர், கால் முறிந்து கிடந்தார். என்னை மல்லி, தம்பி என்றுதான் கூப்பிடுவார். அவரைப் பார்க்க வருகிறவர்கள் கொண்டுவருகிற தெம்பிலி இளநீரில் பாதி எனக்கு. ஓடையில் பொன் அரித்த கதையை எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். மனுஷன் முறிந்த காலை மறந்து எழுந்து உட்காரப் பார்த்தார். "எந்த ஓடை, எந்த ஓடை?" என்று அடிக்கொரு தரம் கேட்டார். நான் ஓடை பெயரை மட்டும் சொல்லவில்லை.

மாரியாயி காலையில் அரைப் பேருக்குக் கொழுந்து எடுத்துவிட்டு, மிச்ச அரை நாள் சம்பளத்தை விட்டுக்கொடுத்து, பஸ் ஏறி வருவாள். அரசாங்க ஆஸ்பத்திரி, கட்டணம் இல்லை. ஆனால் பஸ் இலவசமா, பழம் இலவசமா? எப்படிச் சமாளித்தாய் என்று கேட்டால் "நீங்க படுத்துக்கிட்டு இருக்கிற வேலையப் பாருங்க" என்பாள். லயத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி போட்டுக் கொடுத்தார்கள் என்று பிறகு அறிந்தேன். என்னைக் காக்காப்பொன் என்று கூப்பிட்ட அதே வாய்கள்தான். அவள் வந்ததும் முதலில் என் கால்களைத் தொட்டுப் பார்ப்பாள். குளிர்ந்திருந்தால் இரண்டு உள்ளங்கையாலும் பொத்திக்கொண்டு உட்காருவாள். பார்க்கிற நேரம் முடிந்ததென்று மணி அடித்ததும் எழுந்து போவாள். அவள் போன பிறகு வருகிற அந்தியும் ராத்திரியும்தான் நீளமானவை. வார்டில் யாராவது இருமினால், அந்த இருமல் ஓய்ந்து மூச்சு வருகிறதா என்று எல்லோரும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு கிடப்போம்.

காய்ச்சல் விட்டு, நானும் பிழைத்துவிட்டேன் என்று நினைத்தபோது, திரும்ப ஏறியது. கட்டி மறுபடியும் நிரம்பிவிட்டது. நாடி தாறுமாறாக ஓடியதால் எமிட்டீனை நிறுத்தினார்கள். திரும்பவும் ஊசியால் எடுக்க வேண்டும், ஆனால் இந்த நிலையில் உடம்பு தாங்குமா என்று டாக்டர் மாரியாயியிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. காலையில் எடுப்போம், அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்றார். அதற்குப் பிறகு கண் திறக்கவில்லை, நாக்கு அசையவில்லை. காது மட்டும் விழித்திருந்தது. சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் பேசும்போது பார்த்துப் பேசுங்கள் என்று எல்லோருக்கும் இதன் மூலம் சொல்லிக்கொள்கிறேன்.

பார்க்கிற நேரம். அக்கா செல்லாயி வந்திருந்தாள். அம்மா போன பிறகு என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள். வந்ததும் என் நெற்றியைத் தொட்டுவிட்டு மெல்ல அழுதாள். மடியிலிருந்து எதையோ எடுக்கிற சத்தம் கேட்டது.

எங்கள் ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உயிர் பிரியாமல் ஒருவர் இழுத்துக்கொண்டு கிடந்தால், ஏதோ ஓர் ஆசை பிடித்துவைத்திருக்கிறது என்பார்கள். மண்ணாசை என்றால் மண்ணைக் கரைத்து ஒரு சொட்டு, பொன்னாசை என்றால் பொன்னை உரசிப் பாலில் ஒரு சொட்டு வாயில் விடுவார்கள். ஆசை தீர்ந்து உயிர் நிம்மதியாகப் போய்விடும். வன்மத்தில் செய்வதில்லை, பாசத்தில் செய்வது.

"இந்தா மாரியாயி, தள்ளிக்க" என்றாள் அக்கா. "பாலாடையில பாலு கொண்டாந்திருக்கேன். தம்பி வச்சிருந்த போத்தல்ல இருந்துதான் துளி பொன்னு எடுத்துப் போட்டேன்."

மாரியாயிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்திருக்க வேண்டும். "என்ன மதினி இது?"

"எம் புள்ள படுற பாட்ட என்னால பாக்க முடியலடி. இழுத்துக்கிட்டுல்ல கெடக்கான்? மண்ணாசன்னு சொல்ல நமக்கு ஏது மண்ணு? இவனுக்கு இருந்தது அந்தப் பொன்னாச ஒண்ணுதான். ஒரு சொட்டு வுட்டா நிம்மதியாப் போயிருவான்."

குழந்தைக்குப் பால் புகட்டுகிற அந்தப் பாலாடையின் விளிம்பு என் உதட்டில் பட்டது. ஜில்லென்று இருந்தது. வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். நான் நினைத்தது எதுவும் வாய்வரை வரவில்லை. விழுங்கத் தெரியாமல் கிடக்கிறவனுக்கு ஊற்றினால் அது வயிற்றுக்குப் போகாது, மூச்சுக்குழாய்க்குள்தான் போகும் என்று பிறகு மிஸ்ஸி சொன்னாள். அந்த ஒரு சொட்டே போதுமாக இருந்திருக்கும்.

உதட்டிலிருந்து பாலாடை விலகியது. மாரியாயி அக்காவின் கையைப் பிடித்திருக்க வேண்டும்.

"மதினி, நீங்க சொல்றது மெய்தான். ஆசதான் இவரப் புடிச்சி வச்சிருக்கு."

"அதத்தானே நானும் சொல்றேன்."

"அப்ப அதத் தீத்து வைக்க நான் என்ன கிறுக்கியா? தீராம இருக்கட்டும் மதினி. அந்த ஒரு கயித்துலதான் இவரு தொங்கிக்கிட்டு இருக்காரு. நீங்க நல்லதுன்னு நெனச்சு அதப்போயி அறுக்க வந்திருக்கீங்களே!"

கையைப் பிடித்துக்கொண்டு இருவரும் இழுபறியாக நின்றதைப் பார்த்த பக்கத்துக் கட்டில் பெரியவர் "மிஸ்ஸி! மிஸ்ஸி!" என்று கத்தினார். மிஸ்ஸியின் செருப்புச் சத்தம் ஓடிவந்தது. "அது என்ன? நோயாளிக்கு என்ன குடுக்கிற?" என்று அதட்டினாள். அக்காவுக்கு டாக்டரைவிட மிஸ்ஸியிடம்தான் பயம். "ஒண்ணுமில்லைங்க, எனக்குத்தான், எனக்குத்தான்" என்று சொல்லி, பாலாடையைத் தூக்கி ஒரே மடக்கில் தானே குடித்துவிட்டாள்.

இதை நான் பார்க்கவில்லை. மாரியாயி பிறகு நடித்துக் காட்டியதுதான். ஆனால் குடித்த மறு நிமிஷம் அக்கா பதறிப்போய் "அடியே, நான் குடிச்சிட்டேனே, இப்ப நான் போயிருவேனாடி?" என்று கேட்டது என் காதாலேயே கேட்டேன். சிரிக்க வேண்டும் போல் இருந்தது. சாகிறவனுக்குச் சிரிப்பு வருமா? வந்தது. அப்போதுதான் நான் இன்னும் போகவில்லை என்று எனக்கே தெரிந்தது.

அக்காவை வெளியே உட்காரவைத்துவிட்டு மாரியாயி திரும்பி வந்தாள். என் காதோரம் குனிந்தாள். ஓடையென்றால் எரிந்து விழுகிறவள், இப்படி ஆரம்பித்தாள்.

"என்னங்க, கேக்குதா? மழ விட்டுருச்சு. ஓட எறங்கிருச்சு. அந்தப் பெரிய கல்லுக்குப் பின்னால வண்டலு முட்டி ஒசரத்துக்கு நிக்குது. நான் போயிப் பாத்துட்டுத்தான் வந்தேன். தாச்சியக் கழுவிக் கவுத்து வச்சிருக்கேன், அதுல இனிமே தாளிக்க மாட்டேன், அது ஒங்களுக்குத்தான். மேல் டிவிசன்ல யாரோ ஒரு ஆளு சட்டியத் தூக்கிக்கிட்டு அங்ஙன வந்து எட்டி எட்டிப் பாத்துட்டுப் போறான். நீங்க இப்படியே கெடந்தீங்கன்னா அவந்தான் பூராத்தையும் அள்ளிக்கிட்டுப் போவான். ஆமா, சொல்லிட்டேன்."

மணி அடிக்கும் வரை இதையே மாற்றி மாற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் உடைந்தது. ஆனாலும் வண்டலின் உயரத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். எனக்கு அந்த மேல் டிவிசன்காரன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என் கல், என் வண்டல். காலை வரைக்கும் அந்த ஆத்திரத்தோடுதான் கிடந்தேன்.

காலையில் டாக்டர் மறுபடியும் அந்தக் கோணி ஊசியை இறக்கினார். இந்த முறை எனாமல் கிண்ணம் நிறைய வந்ததாம். வெடித்து நெஞ்சுக்குள் போகிற பக்குவத்தில் இருந்தது, அரை நாள் பிந்தியிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்றார். அன்று அந்திக்குக் காய்ச்சல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கண் திறந்து பார்த்தபோது முதலில் தெரிந்தது மாரியாயியின் மூக்கில் இருந்த ஈர்க்குத்தான்.

"மேல் டிவிசன்ல எவன் அவன்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"எவனா? அப்படி ஒருத்தனும் இல்ல" என்றாள். சொல்லிவிட்டு, அத்தனை நாள் அடக்கிவைத்திருந்ததை எல்லாம் சேர்த்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மிஸ்ஸி வந்து அதட்டவில்லை.

என்னைக் காப்பாற்றியது எது என்று கேட்கிறார்கள். ஊசிதான், மருந்துதான், அந்தக் கண்ணாடி போட்ட டாக்டர்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, உங்களுக்கும் வேண்டாம். வலி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆனால் ஊசி வருகிறவரைக்கும் ஒரு ராத்திரி இருந்தது. அந்த ராத்திரியைக் கடத்திவிட்டது மாரியாயி சொன்ன பொய்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "ஓடைத் தண்ணியை வாயிலை வைக்கப்படாது. கொதிக்கவைச்சுத்தான் குடிக்கவேணும். விளங்குதோ?" என்று மாரியாயியைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்த்துச் சொல்லிப் பயனில்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. தெம்பிலிப் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓடை பெயரைக் கடைசியாக ஒரு முறை கேட்டார். பாவம், சொல்லிவிட்டேன். இதுவரை வரவில்லை. அக்கா செல்லாயியும் நன்றாகத்தான் இருக்கிறாள். "தங்கத்த முழுங்குனவளுக்குச் சாவு ஏது?" என்று லயத்தில் கேலி செய்கிறார்கள். என்னைப் பார்த்தால் இப்போதும் தலையைத் தடவிவிட்டுப் போய்விடுகிறாள். அவள் கையில் இருந்தது விஷமில்லை, பாசம் என்று நான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். இன்னும் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லுவேன்.

உடம்பு தேறியதும் ஓடைக்குப் போக மாரியாயி தடுக்கவில்லை. தடுக்கவில்லை என்ன, தானும் கூட வந்தாள். கொதித்து ஆறின தண்ணீர்ப் போத்தலோடு கரையில் உட்கார்ந்து, நான் குனிந்தால் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு அவளும் இறங்கிவிட்டாள். என்னைவிட அவளுக்குக் கை பதமாக வருகிறது. கொழுந்து கிள்ளுகிற விரல்கள் அல்லவா, துணுக்கைத் தொட்டெடுப்பதில் பிசகே இல்லை. போன மாதம் போத்தலை அட்டனுக்குக் கொண்டுபோனேன். பத்தர் உருக்கிப் பார்க்காமலே கையில் வைத்து எடை பார்த்துவிட்டு, "பரவாயில்லப்பா, எறும்பு தப்பிச்சிருச்சு. சின்னதா ஒரு மூக்குத்தி தாராளமா வரும்" என்றார். செய்யச் சொல்லிவிடலாம் என்றுதான் வாய் வரை வந்தது. அவள் மூக்குக்கு அளவு வேண்டுமே என்று போத்தலைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன்.

வந்ததும் வராததுமாகச் சொன்னேன். அவள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் முகம் வெளிறிப்போய்விட்டது. எழுந்து வந்து என் கையிலிருந்த போத்தலை வாங்கி, கொட்டிவிடுமோ என்கிற மாதிரி இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"வேணாங்க. இப்ப செய்ய வேணாம்."

"ஏன் புள்ள? இதுக்குத்தானே இத்தன காலமா அரிச்சேன்? இது ஒண்ணுதானே எனக்கு ஆச."

"அதுக்காகத்தான் சொல்றேன். அந்த ஆச தீந்துபோச்சுன்னா?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழைய மாரியாயியாக, அடுத்த காம்பராவுக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்:

"ஆசப்படுறதுதான் படுறீங்க, கொஞ்சம் பெருசா ஆசப்படக் கூடாதா? எனக்கு மூக்குத்தி வேணாம். ஒட்டியாணம் செஞ்சு போடுங்க."

எங்கள் ஓடை கொடுக்கிற வேகத்தில் ஓர் ஒட்டியாணத்துக்கு எத்தனை காலம் ஆகும் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. அவள் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறாள். மறுநாள் வேலை விட்டதும் இரண்டு பேரும் இறங்கினோம். இப்போது ஒட்டியாணத்துக்கு அரித்துக்கொண்டிருக்கிறேன்.